கூலி வந்தது, பெயர் வரவில்லை

மலையாள சினிமாப் பாட்டுக்குத் திருவனந்தபுரத்தில் சொந்த வீடு அமைந்தது 1980ல். அந்த ஆண்டில்தான் ஏசுதாஸ் இங்கே தரங்கிணி ஒலிப்பதிவுக் கூடத்தைத் தொடங்கினார். ஏறக்குறைய அதே சமயத்தில் திருவல்லம் குன்றின் மேல் மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் சித்ராஞ்சலி ஸ்டுடியோவும் வந்தது. அதற்கு முன்பு நேமத்தில் மெரிலாண்ட் ஸ்டுடியோ இருந்தது, படங்களும் எடுத்தார்கள். ஆனால் பாட்டு என்று வந்தால் பெரும்பாலும் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதுதான். கவிஞர் மலையாளி, பாடகர் மலையாளி, இசையமைப்பாளரும் மலையாளி. வாசித்தவர்களோ பெரும்பாலும் கோடம்பாக்கம், சாலிக்கிராமம், வடபழனிவாசிகள்.

அவர்களில் ஒருவர் ஆர்.கே. சேகர். தமிழர். ஹார்மோனியம், கீபோர்டு வாசிப்பவர். இசையமைப்பாளர் போட்ட மெட்டைப் பெரிய வாத்தியக் குழுவுக்கு ஏற்றபடி பிரித்து எழுதி, பதிவின்போது குழுவை நடத்திச் செல்பவர். 1964ல் வெளிவந்த 'பழஸ்ஸிராஜா' படத்துக்கு அவரே இசையமைத்தார். அதில் ஏசுதாஸ் பாடிய தத்துவப் பாடலை மலையாளிகள் இன்றும் முணுமுணுக்கிறார்கள். பாட்டு நின்றது. வாய்ப்புகள் அதே வேகத்தில் வந்து நிற்கவில்லை. தன் பெயரில் அவர் இசையமைத்த படங்கள் இருபது சொச்சம்தான். மற்றவர்களின் இசைக்காக உழைத்த படங்கள் நூற்றுக்கு மேல்.

எம்.கே. அர்ஜுனன் 1968ல் 'கறுத்த பௌர்ணமி' மூலம் சினிமாவுக்கு வந்தபோது பக்கத்தில் துணையாக நின்றவர் சேகர். ஜி. தேவராஜனின் பல பாடல்களுக்குப் பின்னாலும் அவருடைய உழைப்பு உண்டு. பாட்டின் நடுவே பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் வரும் அந்தப் பத்து விநாடி இசையை நாம் மெட்டோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறோம். அதை யார் எழுதியது, யார் வாசித்தது என்று கேட்பதில்லை. கேட்டாலும் பதில் கிடைக்கும் இடம் இல்லை. இசைத்தட்டின் வட்டக் காகிதத்தில் படம், பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் என்ற நான்குக்குத்தான் இடம்.

அந்தக் காலத்துப் பதிவு எப்படி நடந்தது என்பதை இன்றைய தலைமுறைக்குச் சொல்லியாக வேண்டும். பாடகரும் வயலின் வரிசையும் தபலாவும் கீபோர்டும் ஒரே நேரத்தில் வாசிக்க, அப்படியே பதிவாகும். நான்கு நிமிடப் பாட்டில் கடைசி வரியில் யாராவது ஒருவர் சறுக்கினால் முதலிலிருந்து எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டும். எனவே தயாரிப்பாளருக்குத் தேவைப்பட்டவர், காலையில் நோட்ஸைக் கையில் கொடுத்தால் சில ஒத்திகைகளிலேயே பிசகாமல் வாசிப்பவர். அப்படிப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது. ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு ஓட வேண்டும். கால்ஷீட் முடிந்தால் கூலி. அத்தோடு அந்தப் பாட்டுக்கும் அவருக்கும் உறவு முடிந்தது.

சேகர் 1976 செப்டம்பர் 30 அன்று இறந்தார். வயது 43. மகன் திலீப்புக்கு அப்போது 9. வீட்டில் மிஞ்சிய சொத்து அவர் வாங்கி வைத்திருந்த வாத்தியங்கள். அவற்றை விற்காமல் வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை நடத்தினார் அவர் மனைவி. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் உழைத்தவரின் வீட்டுக்கு அந்தப் பாடல்களிலிருந்து மாதாமாதம் எதுவும் வரவில்லை. வந்தது கீபோர்டின் வாடகை. பாட்டைவிடப் பெட்டிக்கு மதிப்பு அதிகம் என்றால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது.

கடல் கடந்து ஓர் ஒப்பீடு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 'கன்ட்ரி மியூசிக்' என்று நாட்டுப்புறச் சாயலில் ஓர் இசை உண்டு. அதற்கு நாஷ்வில் நகரம்தான் கோடம்பாக்கம். அங்கே ஹார்கஸ் ராபின்ஸ் என்றொரு பியானோக்காரர் இருந்தார். 1938ல் டென்னசியில் பிறந்தவர். சின்ன வயதில் கத்தி பட்டுக் கண் போய், மற்றக் கண்ணும் பார்வை இழந்தது. பார்வையற்றோர் பள்ளியில் பியானோ கற்றார். 1959ல் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிய வெற்றிப் பாடல் ஒன்றில் அவர் வாசித்ததிலிருந்து அழைப்புகள் குவிந்தன. அடுத்த அரை நூற்றாண்டுக்கு நாஷ்வில்லில் பதிவான பாடல்களில் அவர் விரல் படாதவற்றை எண்ணுவதுதான் சுலபம்.

அவரும் சேகரைப் போலக் கூலிக்கு வாசித்தவர்தான். பாடகர் வேறு, புகழ் வேறு ஒருவருக்கு. ஆனால் 1966ல் பாப் டிலன் நாஷ்வில்லில் பதிவுசெய்த இசைத்தட்டின் உறையில் ராபின்ஸின் பெயர் அச்சாகியிருந்தது. 1976லும் 2000த்திலும் கன்ட்ரி இசைச் சங்கம் அவரைச் சிறந்த வாத்தியக் கலைஞராகத் தேர்ந்தெடுத்தது. 2012ல் அந்த இசையின் புகழ்க்கூடத்தில் பாடகர்களுக்கு இணையாக அவருக்கும் இடம் தந்தார்கள். 2022 ஜனவரியில் தம் 84வது வயதில் அவர் இறந்தபோது யார் இறந்தார் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. அமெரிக்கர்கள் தர்மவான்கள் என்பதல்ல இதற்குக் காரணம். அங்கே வாத்தியக்காரர்களின் தொழிற்சங்கம் பலமானது. மூன்று மணி நேரத்துக்கு இவ்வளவு, குழுத் தலைவருக்கு இரட்டிப்பு என்று கணக்கு வைத்தது. இசைத்தட்டு விற்பனையிலிருந்து வாத்தியக்காரர்களுக்குப் பங்கு போக ஒரு நிதியையும் ஏற்படுத்தியது.

சங்கம் நம்மிடமும் இல்லாமலில்லை. சென்னையில் சினி மியூசிஷியன்ஸ் யூனியனை உருவாக்கியவர் எம்.பி. சீனிவாசன். தமிழர், இடதுசாரி, மலையாளப் படங்களின் மதிப்புக்குரிய இசையமைப்பாளர். 1988ல் மறைந்தார். கூலிக்காகவும் வேலை நேரத்துக்காகவும் வாத்தியக்காரர்கள் ஒன்றாகக் குரல் கொடுக்க முடிந்தது அவர் போட்ட அஸ்திவாரத்தில்தான். ஆனால் கூலியைத் தாண்டி, உரிமை என்ற அடுத்த படியில் ஏற முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1994ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம்தான் நிகழ்த்துகலைஞர் என்ற இனத்தையே முதலில் அங்கீகரித்தது. 2012 திருத்தம் ஒரு படி மேலே போய், நிகழ்த்தியது வணிகத்துக்குப் பயன்பட்டால் அவருக்கு ராயல்டி உண்டு என்றது. பாடகர்கள் உடனே சங்கம் பதிவுசெய்து வசூலில் இறங்கினார்கள். வாத்தியக்காரர்கள் சட்டத்தை மேலும் படித்தபோதுதான் பொடி எழுத்து கண்ணில் பட்டது. சினிமாவில் ஒருவரின் பங்கு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில் அவர் பெயர் எங்கும் போடப்படாததாகவும் இருந்தால் அவர் நிகழ்த்துகலைஞராகக் கருதப்படமாட்டார். அவர் நிகழ்த்தியதைச் சிதைத்தால் ஆட்சேபிக்கலாம், அவ்வளவுதான்.

கூட்டத்தில் ஒருவராக வந்துபோகும் துணை நடிகரை மனத்தில் வைத்து எழுதியதாக இருக்கலாம். பாட்டையே தாங்கும் கீபோர்டு வாசிப்பு தற்செயலானதா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். ஆனால் கால்ஷீட்டுக்கு ஓடுகிறவர் எந்த நீதிமன்றத்துக்கு ஓடுவார்? பெயர் போடாதது தயாரிப்பாளரின் வழக்கம். அந்த வழக்கத்தையே காரணமாகக் காட்டி உரிமையை மறுக்க முடியும். உரிமை இல்லாததால் பெயரையும் கேட்க முடியாது. ஆக, டைட்டிலில் ஒரு வரி என்பது வெறும் கௌரவப் பிரச்னை அல்ல. அது சோற்றுப் பிரச்னை.

இதை நன்றாக உணர்ந்தவர் சேகரின் மகன்தான். 1981ல் அர்ஜுனன் இசையமைத்த 'அடிமச்சங்ஙல' என்ற மலையாளப் படத்துக்குக் கீபோர்டு வாசித்த சிறுவன் திலீப், பத்து வருடங்களுக்கு மேல் அடுத்தவர்களின் பாடல்களுக்கு வாசித்துவிட்டு, 1992ல் ஏ.ஆர். ரஹ்மானாக வெளிப்பட்டார். அவருடைய ஒலிநாடா, குறுந்தகடு உறைகளில் புல்லாங்குழல் யார், கிதார் யார், கோரஸ் யார் என்று பெயர்கள் வரத் தொடங்கின. கூலிக்கு வாசித்தவர் முதலாளியானதும் செய்த முதல் சீர்திருத்தங்களில் அது ஒன்று. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே கீபோர்டும் கணினியும்தான் வயலின் வரிசைகளைக் கலைத்து, பல வாத்தியக்காரர்களை வீட்டுக்கு அனுப்பின. பெயர் வரத் தொடங்கியபோது ஆட்கள் குறையத் தொடங்கினார்கள். இப்போது செல்போனில் பாட்டு கேட்கிறோம். உறையும் போயிற்று, உறையில் இருந்த பெயர்களும் போயின.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கேரள மாநிலத் திரைப்பட விருதுகளை வழங்கும் சலச்சித்ர அகாடமி திருவனந்தபுரத்தில் இருக்கிறது. பாடகருக்கும் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் பின்னணி இசைக்கும் விருது உண்டு. வாசித்தவருக்கு இல்லை. தேசிய விருதிலும் இல்லை. புதிய விருது வேண்டாம். விருதுக்கோ அரசு மானியத்துக்கோ விண்ணப்பிக்கும் படம், வாசித்தவர்கள் அனைவரின் பெயரையும் திரையில் காட்டியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போதும். அரசுக்கு ஒரு பைசா செலவில்லை. தயாரிப்பாளருக்குச் சில விநாடி. வாசித்தவருக்கோ சட்டத்தின் கதவு திறக்கும். பாதி மலையாள சினிமாவை வாசித்துக் கொடுத்த தமிழ்நாட்டிலும் இதே நிபந்தனையைக் கேட்கலாம்.

திருவனந்தபுரத்துக்கு இது புதிய யோசனையும் அல்ல. பத்மநாபசுவாமி கோயிலுக்கு அருகே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் சுவாதித் திருநாள் கீர்த்தனைகளோடு கச்சேரி நடக்கிறது. அங்கே கைதட்டக் கூடாது என்பது மரபு. எவ்வளவு பெரிய வித்வானானாலும் மௌனம்தான் பாராட்டு. ஆனால் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். வாய்ப்பாட்டுக்குக் கீழே வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார் என்று இருக்கும். கைதட்டல் இல்லாத இடத்தில்கூடப் பெயர் இருக்கிறது.