420 நாட்கூலி யார் கையில்?

முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற பெண்ணொருவர், சேவைக்காலப் பணம் கேட்டு வழக்காடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 14 நாட்கூலி வீதம் 420 நாட்கூலி. இடைநடுவில் தோட்டக் கம்பனி வங்குரோத்தாகிறது. வழக்கு என்னவாகும்?

இலங்கையின் 2007ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டப்படி, கம்பனியைக் கலைக்க நீதிமன்றம் கட்டளையிட்டதும், அனுமதியின்றி அவ்வழக்கைத் தொடர முடியாது. கோரிக்கை அழிவதில்லை, ஆனால் அதைக் கலைப்பாளரிடம் நிரூபித்து வரிசையில் நிற்க வேண்டும். தொழிலாளர் நிலுவைகள் சிலவற்றுக்கு முன்னுரிமை உண்டு. எனினும் சொத்தை ஈடாகப் பெற்ற வங்கி அவ்வரிசைக்கு வெளியே நிற்கிறது.

விற்றுக் கடன் தீர்க்கத் தோட்டம் இருக்கிறதே என்பீர்கள். நுவரெலியாவிலும் ஹற்றனிலும் 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற பிராந்தியக் கம்பனிகளுக்கு நிலம் சொந்தமன்று. அவர்களிடம் இருப்பது 53 ஆண்டுக் குத்தகை மட்டுமே.

ஊழியர் சேமலாப நிதிக்கான பணத்தை மாதந்தோறும் கட்டச் சட்டம் வற்புறுத்துகிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் தந்த சேவைக்காலப் பணமோ, ஓய்வுநாள் வரை முதலாளி கையிலேயே தங்கிவிடுகிறது. அதையும் ஆண்டுதோறும் தனி நிதியில் வைப்பிலிடச் செய்ய வேண்டும். கம்பனி விழுந்தபின் கிடைக்கும் முன்னுரிமையால் வெறும் பெட்டி நிறையாது.