கடைசிக் குழாயும் கண்காணிப்பும்

மருத்துவம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன மருத்துவமனையும் மருந்துச் சீட்டுமே. திருவள்ளுவர் ‘மருந்து’ என ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் பத்துக் குறட்பாக்களுள் பாதிக்கும் மேற்பட்டவை உண்ணும் அளவையும் முறையையும் பற்றியே பேசுகின்றன. வருமுன் காத்தலே முதல் மருத்துவம் என்னும் நெறி நம்மவர்க்குப் புதியதன்று. அந்நெறியை இன்று தெருத்தெருவாக நடந்து செயற்படுத்துபவர் சுகாதார ஆய்வாளர். அவர் எல்லாரையும் ஒன்றுபோல் நடத்தினால் போதுமா, அன்றி அவரவர் நிலையறிந்து நடத்த வேண்டுமா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா.

பொதுச் சுகாதாரப் பணி வளர்ந்ததற்கே ஏற்றத்தாழ்வு ஒரு காரணம். 1842-இல் எட்வின் சாட்விக் என்பார் இங்கிலாந்துத் தொழிலாளர்களின் சுகாதார நிலை குறித்து அறிக்கை ஒன்று வெளியிட்டார். லிவர்பூல் நகரில் உயர்குடியினரின் சராசரி இறப்பு வயது 35, வணிகர்க்கு 22, தொழிலாளர்க்கு 15 என்று அவ்வறிக்கை காட்டிற்று. நகரம் ஒன்றே, குடிநீரும் சாக்கடையும் குடியிருப்புமே வேறு. 1848-இல் அந்நாட்டில் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. நம் மாநிலத்தில் 1939-ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், பின்னர்த் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் எனப் பெயர் பெற்று நடைமுறையில் உள்ளது. அதிகாரம் இருக்கிறது. அஃது யார் வாசலில், எவ்வாறு செலுத்தப்படுகிறது என்பதே கேள்வி.

குடிநீரை எடுத்துக்கொள்வோம். மேல்நிலைத் தொட்டியில் கலக்கப்படும் குளோரின், குழாய் வழியே செல்லச் செல்லக் குறைந்துகொண்டே போகும். நீர் நுகர்வோரை அடையும் இடத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். தொட்டிக்கு அருகிலுள்ள குழாயில் சோதித்தால் ஏடு எப்பொழுதும் நிறைவாகவே இருக்கும். ஆனால் வாய்க்காலுக்கு அப்பால், தாழ்வான நிலத்தில், குழாய் முடியும் இடத்தில் வாழ்பவர் பெரும்பாலும் ஏழையரே. குழாயில் கசிவு இருந்து, நீரோட்டமும் நின்றுவிட்டால், அருகிலுள்ள சாக்கடை நீர் அக்கசிவின் வழியே உள்ளே புகும். எனவே, மாதிரி எடுக்கும் இடத்தைத் தேர்வதே ஒரு நீதித் தீர்ப்பு. கடைசிக் குழாயில் சோதிப்பவரே ஊர் முழுவதையும் சோதித்தவராவார்.

அடுத்தது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டில் தேங்கும் தெளிந்த நீரில் வளர்வது. முட்டை கொசுவாக மாற நம் வெப்பத்தில் ஏறக்குறைய எட்டு முதல் பத்து நாள்கள் போதும். பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய முட்டை, நீர் வற்றிய பின்னரும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது. நாள்தோறும் நீர் வரும் வீட்டில் டிரம் எதற்கு? சில நாள்களுக்கு ஒருமுறை நீர் வரும் சந்தில் டிரம்மும் குடமும் இன்றி வாழ்வது எவ்வாறு? புழு இருப்பதை மட்டும் கண்டு அபராதம் விதித்தால், நீரைத் தராத குற்றத்திற்கு நீரைச் சேமித்தவளைத் தண்டித்ததாகும்.

இதில் இன்னொரு முரணும் உண்டு. ஏழையின் கதவு எளிதில் திறக்கும். பெரிய பங்களாவின் வாயிற்கதவோ, அடுக்குமாடிக் கட்டுமானத்தின் தடுப்போ எளிதில் திறவா. மாடித் தொட்டியும் கட்டட வேலைக்குத் தேங்கிய நீரும் பார்க்கப்படாமலே போக, குடிசைப் பானை மட்டும் கணக்கில் ஏறும். சட்டம் ஒன்றே, விழும் இடம் மட்டும் வேறு.

2020-ஆம் ஆண்டுக் கொரோனாக் காலம் இதனைத் தெளிவாக உணர்த்திற்று. பதினான்கு நாள்கள் தனித்திருக்க வேண்டும் என அறிவிப்பு ஒட்டப்பட்டது. அறுவர் ஒரே அறையில் வாழும் வீட்டில் தனித்திருப்பது எங்ஙனம்? நாட்கூலிக்குச் செல்பவர் அந்நாள்களில் உண்பது எதனை? அறிவிப்பை ஒட்டியதோடு நில்லாமல் அரிசிக்கும் மருந்துக்கும் வழிசெய்த அலுவலரின் சொல்லே மதிக்கப்பட்டது. நோயை மறைக்காமல் மக்கள் முன்வந்ததும் அங்கேதான்.

‘ஆய்வாளர் ஒருவர் குழாய் பதிக்கவா முடியும்? இருக்கும் வேலைப்பளுவே பெரிது’ என்பார் உளர். உண்மையே. குழாய் பதிப்பது அவர் கையில் இல்லை. எழுதுகோல் அவர் கையில் உள்ளது. ‘புழு இருந்தது’ என்னும் குறிப்பின் அருகே ‘நீர் வருவது இத்தனை நாளுக்கு ஒருமுறை’ என்றும் அவர் எழுதட்டும். நாள்தோறும் எழும் அத்தகைய நூறு குறிப்புகளை எந்த மேலதிகாரியும் புறந்தள்ள இயலாது. பகலில் பூட்டிக் கிடக்கும் கூலித் தொழிலாளர் வீட்டை ‘பூட்டிய வீடு’ என்று விட்டுவிடாமல் மாலையில் ஒருமுறை பார்க்கட்டும். அபராதச் சீட்டுக்கு முன் டிரம்மை மூடிக்கட்ட ஒரு துணி கொடுக்கட்டும்.

நகரங்களில் அவர் கண்காணிப்பில் உழைக்கும் தூய்மைப் பணியாளரும் பொதுமக்களே. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் கொடுமையை 1993-ஆம் ஆண்டுச் சட்டமும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்துள்ளன. கையுறையின்றி ஒருவரையும் பணிக்கு அனுப்பாமையும், சாக்கடைக் குழியுள் ஒருவரையும் இறக்காமையும் ஆய்வாளரின் முதற்கடமை. ஊரின் நலத்தைக் காக்க ஒருவரின் உயிரைப் பலியிடுவது சுகாதாரம் ஆகாது.

நமக்கும் கடமை உண்டு. ஊர்ப் பெரியோர் ஆய்வாளரைத் தம் வீட்டு மாடிக்கு முதலில் அழைத்துச் செல்லட்டும். பின்னர்க் கடைசிச் சந்துக்கு அவரோடு நடக்கட்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் வருகிறது என்பதைக் கணக்கெடுத்து நகராட்சிக்கு எழுதட்டும். அக்கணக்கு ஆய்வாளரின் குறிப்புக்கு வலிமை சேர்க்கும். நோய்க்குத் தெரு வேறுபாடு தெரியாது. கடைசிச் சந்தில் தோன்றிய காய்ச்சல் கடைவீதிக்கு வர நெடுநாள் ஆவதில்லை. ஊரின் நலத்தை அளக்க விரும்புவோர் கடைசிக் குழாயிலிருந்து அளக்கத் தொடங்குக.