கந்தலுக்குப் பூசிய பொன்

மகாகாசியபரின் சீனப் பொன்முலாம் வெண்கலச் சிலையைத் தனியே நிறுத்திப் படமெடுத்து, ‘தனிமையின் தவக்கோலம்’ என்று உருகுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தனிமை சிற்பி கொடுத்ததன்று. பெரும்பாலும் சந்தை கொடுத்தது.

சீன மரபில் காசியபர் புத்தரின் ஒருபுறம் நிற்கும் முதியவர். மறுபுறம் இளைஞராக ஆனந்தர். லோங்மென் குகைகளில் 675இல் நிறைவுற்ற ஃபெங்சியான் கோயிலில் வைரோசன புத்தரின் இருமருங்கிலும் இவ்விருவரே நிற்கின்றனர். அங்கே காசியபரின் உருவம் பெரிதும் சிதைந்துவிட்டது. ஆயினும் அவர் யாருக்கு அருகில் நின்றார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

சிறு வெண்கலங்களுக்கு அந்தப் பேறு இல்லை. பூசைத் தொகுதிகளில் உருவங்களைத் தனித்தனியே வார்த்துப் பொதுப்பீடத்தில் பொருத்துவதுண்டு. சியானில் 1974இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த, 584ஆம் ஆண்டின் அமிதாபர் தொகுதி அத்தகையது. (அதில் சீடர்கள் இல்லை, போதிசத்துவர்களும் காவலர்களுமே.) பொருத்தியதைப் பிரிப்பது எளிது, பிரித்தால் ஒரு தொகுதி ஐந்து விற்பனையாகும். கூப்பிய கைகளோடு ஒருவர் வெற்றுச் சுவரை நோக்கி நிற்பதைத் தவம் என்கிறோம். அவர் வணங்கியவர் எங்கே என்று கேட்பதில்லை.

பொன்னைப் புகழ்வது இன்னும் விசித்திரம். குப்பையில் கிடந்த கந்தலை உடுத்து, கடுநோன்பில் தலைசிறந்தவர் என்று பௌத்த நூல்கள் போற்றுபவர் காசியபர். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, சூடேற்றி, பாதரசத்தை ஆவியாக்கி அவர்மேல் பொன்னை ஏற்றினார்கள். அந்த நச்சுப்புகையைக் குடித்த கைவினைஞனுக்கு முரண் தெரிந்தே இருந்திருக்கும். பொன்னுக்கு அடியிலும் சுருங்கிய நெற்றியையும் துருத்திய கழுத்தெலும்பையும் அவன் விட்டுவைத்தானே! ஏல அட்டவணைகளோ முலாம் எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பதையே முதலில் சொல்கின்றன.

சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் இவை அழிந்திருக்கும் என்பார்கள். அழிவு நடந்தது உண்மை. 845இல் தாங் பேரரசர் வூசோங்கும், 955இல் பிற்கால சௌ அரசர் ஷிசோங்கும் வெண்கலச் சிலைகளை உருக்கி நாணயமாக்க ஆணையிட்டனர். உருவம் குலையாமலே நாணயமாக்கும் வித்தையை நம் காலம் கற்றிருக்கிறது, அவ்வளவுதான். காத்தவர்களுக்கு நன்றி சொல்லத் தடையில்லை. ஆனால் சிலை எத்தொகுதியிலிருந்து வந்தது, எந்தக் கோயிலிலிருந்து, எப்போது, யார் கைவழியாக என்று எழுதட்டும். தெரியாவிடில் ‘தெரியாது’ என்றே, விலைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிடட்டும்.