வண்டிக்கு ஷாக் வாங்கும்போதும் நாம் வியாபாரிகளே!

நம்மில் பலர் இன்றும் பழைய வண்டியை நம்பித்தான் கடை நடத்துகிறோம். அந்த வண்டி பெரும்பாலும் மாருதி ஆம்னியாக இருக்கும். 1984-ல் மாருதி வேன் என்று வந்து, 2019-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. இன்றும் அதிகாலையில் மண்டிக்குப் போய்ச் சரக்கேற்றி வருகிறது. 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. அப்போதும் நாம் அதைக் கைவிடவில்லை. புது வண்டிக்குத் தவணை கட்டுவதைவிட, இருப்பதைப் பழுது பார்த்து ஓட்டுவதே சிறு வியாபாரிக்குக் கட்டுபடியாகும்.

இதில் தவறில்லை. ஆனால் அந்த வண்டிக்கு உதிரிபாகம் வாங்கப் போகும்போது, நாம் வியாபாரி என்பதையே மறந்துவிடுகிறோம். அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் கதையையே சொல்கிறோம். மதுரை கீழமாசி வீதியில் சரக்கேற்றித் திருமங்கலம் வரும் எங்கள் ஆம்னி, ஒவ்வொரு வேகத்தடையிலும் தொட்டில் போல ஆடத் தொடங்கியது. பின்பக்க ஷாக் இரண்டும் போய்விட்டன என்றார் மெக்கானிக். புதிது வாங்க மனம் வரவில்லை. ஒரு கடையில் பழைய ஷாக்கையே துளையிட்டு, எண்ணெய் நிரப்பி, கறுப்பு வர்ணம் பூசி, ‘ரீகண்டிஷன்’ என்று பாதி விலைக்குக் கொடுத்தார்கள். பில் இல்லை. நாங்களும் கேட்கவில்லை. இரண்டே மாதத்தில் எண்ணெய் ஒழுகியது. ஒரு நாள் மூன்று அட்டை முட்டை, அதாவது 90 முட்டை, வீணாயிற்று. பின் டயர்கள் இரண்டும் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்து போயின. ஒரு மழை நாளில் பிரேக் அடித்தபோது வண்டி துள்ளித் துள்ளிச் சென்று, முன்னால் போன சைக்கிள்காரருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. மிச்சம் பிடித்த பணத்தைவிட டயருக்குக் கொடுத்தது அதிகம். அந்தச் சைக்கிள்காரருக்கு ஏதேனும் ஆகியிருந்தால், எந்தப் பேரேட்டிலும் அதற்குக் கணக்கு எழுத முடியாது.

ஷாக் அப்சார்பர் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். சரக்கின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இராமல் அடக்குவது ஷாக். குழலுக்குள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கித் தள்ளப்படுவதால் ஆட்டம் அடங்குகிறது. அப்படி அடங்கினால்தான் டயர் தரையை விடாமல் பிடிக்கும், பிரேக்கும் பிடிக்கும். ஆக, ஷாக் என்பது சொகுசுக்கான பொருள் அல்ல.

26 கிலோ சிப்பம் பதினைந்து ஏற்றினால் 390 கிலோ. அதில் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து நின்றால், புது ஷாக் போட்டு அதை நிமிர்த்த முடியாது. ஆம்னிக்குப் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். பட்டை தளர்ந்திருக்கிறதா, ஒடிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி ஏற்றும் பழக்கம் நம்மிடம் இருந்தால், எந்தக் கம்பெனி ஷாக்கும் நிலைக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முன்பக்கம் இருப்பது ‘ஸ்ட்ரட்’. இது ஷாக்கும் சுருள் ஸ்பிரிங்கும் சேர்ந்த அமைப்பு. முன் சக்கரம் இதைப் பற்றிக்கொண்டுதான் திரும்புகிறது. எனவே இதை மாற்றும்போது மேலே உள்ள ரப்பர் மவுண்ட், பேரிங், தடுப்பு ரப்பர் ஆகியவற்றையும் பார்த்து, தேய்ந்திருந்தால் கூடவே மாற்றிவிடுவது நல்லது. பிறகு மாற்றினால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டிவரும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் அவசியம். சுருள் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருப்பது. அதற்குரிய கருவி இல்லாமல் கழற்றினால் தெறித்து ஆளையே அடிக்கும். கருவி இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

வாங்கும்போது நாம் கவனிக்க வேண்டியவை சிலவே. இடமும் வலமும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பார்வைக்கு ஒன்று போல இருக்கும் ஷாக்குகள் நீளத்திலும் அழுத்தத்திலும் வேறுபடும். அதனால் மாடல், ஆண்டு, சேஸிஸ் எண் மூன்றையும் காட்டி வாங்க வேண்டும். வண்டிக் கம்பெனியின் அசல் பாகம் கிடைத்தால் நல்லது. இல்லையேல் கார் கம்பெனிகளுக்கே ஷாக் செய்து தரும் பெயர் பெற்ற தயாரிப்பாளரின் சரக்கு போதும். நம் ஓசூரிலேயே கேப்ரியல் தொழிற்சாலை இருக்கிறது. உங்கள் மாடலுக்கென்று எண்ணெய் வகை, வாயு வகை இரண்டும் கிடைத்தால், பாரம் ஏற்றி மேடுபள்ளத்தில் ஓடும் வண்டிக்கு வாயு வகையை வாங்கலாம். உள்ளே எண்ணெய் நுரைத்துப் பிடிப்பு குறைவதை அது தடுக்கும்.

ரீகண்டிஷன் மட்டும் வேண்டாம். எண்ணெய்தான் புதிது, உள்ளே வால்வும் சீலும் பழையவையே. அசல் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அச்சடித்த பெட்டியும் வேண்டாம். நம் கடைக்கு அப்படி ஒரு சோப்பு வந்தால், கொண்டுவந்தவரை உள்ளே விடுவோமா?

பில் கேட்டால் வரி சேரும் என்ற தயக்கம் நம்மிடம் உண்டு. முன்பு பல உதிரிபாகங்களுக்கு 28 விழுக்காடு வரி இருந்தது உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா வாகன உதிரிபாகங்களுக்கும் 18 விழுக்காடு என்று குறைத்துவிட்டார்கள். பில் இருந்தால்தான் உத்தரவாதம் கேட்க முடியும். பில் போடாத வியாபாரத்தால் நேர்மையான கடைக்காரர் எப்படி நசுங்குகிறார் என்பது நமக்குத் தெரியாததல்ல. அதே வியாபாரத்தை வாடிக்கையாளராகப் போய் நாமே வளர்க்கலாமா?

அடுத்த விடுமுறை நாளில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வண்டியின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி விடுங்கள். ஓரிரு ஆட்டத்தில் அடங்காவிட்டால் ஷாக் போய்விட்டது என்று பொருள். அடங்கினாலும் அது நன்றாக இருக்கிறது என்று உறுதி இல்லை. குனிந்து எண்ணெய்க் கசிவையும், டயர் தேய்ந்திருக்கும் விதத்தையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நல்ல பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

தராசில் முள் சரியாக நிற்கிறதா என்று தினமும் பார்ப்பவர்கள் நாம். நம் பிழைப்பைச் சுமந்து வரும் வண்டியையும் அதே கண்ணோடு பார்ப்போம்.