சுவரில் ஒரு சரித்திரம்

காரங்காட்டில் படகேறி அலையாத்திக் காட்டைப் பார்த்து வருகிறவர்கள் இப்போது அநேகம் பேர். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே இருக்கும் அந்தக் கடலோரக் கிராமத்தில் கோயில் கொண்டிருப்பவள் செங்கோல் மாதா. சேதுச் சீமையில் செங்கோல் என்றால் அது ஒரு தாயின் கையில்தான் இருக்கும் போலும்! ராமநாதபுரம் அரண்மனைக்கு வந்து பாருங்கள். அங்கே ராமலிங்க விலாசத்துச் சுவரில், ராஜராஜேசுவரி அம்மனே சேதுபதிக்குச் செங்கோல் அளிக்கிறாள்.

தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றிய கிழவன் சேதுபதி கட்டிய மண்டபம் இது. அவர் 1710 வரை ஆண்டவர். பின்னால் வந்த முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் சுவர்களெல்லாம் சித்திரங்களாயின. இன்று தமிழகத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அரும்பொருளகமாக இருக்கிறது. மற்ற அருங்காட்சியகங்களில் கட்டடத்துக்குள் பொருள் இருக்கும். இங்கே கட்டடமே பொருள்!

ராமாயணமும் பாகவதமும் கதை கதையாக விரிகின்றன. ஆனால் எந்தக் கோயிலிலும் கிடைக்காத காட்சிகள் இங்கே உண்டு. தஞ்சை மராத்தியப் படையோடு நடந்த யுத்தம். மதுரை விஜயரங்க சொக்கநாத நாயக்கர் சேதுபதிக்குச் செய்யும் அபிஷேகம். தொப்பியணிந்த ஐரோப்பியர் தர்பாருக்கு வந்து நிற்கும் கோலம். மாடியில் அந்தப்புரத்து உல்லாசங்கள். யார் யார் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்நாளைய உடை, நகை, ஆயுதம் எல்லாவற்றுக்கும் இதுவே சாட்சி.

இன்னொன்றுக்கும் இந்த மண்டபம் சாட்சி. 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்ஸனை வீரபாண்டிய கட்டபொம்மன் சந்தித்தது இங்கேதான். சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. கிளார்க் என்ற வெள்ளை அதிகாரி மாண்டான், கட்டபொம்மன் தப்பினார், அவருடைய செயலர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். 1959-ல் வந்த சினிமாவைப் பார்த்து ஆரவாரித்த நம்மில் எத்தனை பேர் அந்த இடத்தைப் பார்த்திருக்கிறோம்?

வெண்கல விக்கிரகத்துக்கு ஆபத்து என்றால் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாம். சுவரை எங்கே கொண்டு போவது? இந்தச் சித்திரங்கள் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டியவை. ஈரமும் உப்புக் காற்றும் பூச்சை மெல்ல மெல்லப் பொரியச் செய்யும். பூச்சு உதிர்ந்தால் ராஜாவும் உதிர்வார், ராணியும் உதிர்வாள். உப்புக் காற்றுக்காவது புத்தி கிடையாது என்று விட்டுவிடலாம். ஆணியால் தன் பெயரையும் காதலியின் பெயரையும் சுவரில் கீறுகிற மனிதனை என்ன சொல்ல? முந்நூறு வருஷம் நின்ற முகத்தைக் கெடுக்க அரை நிமிஷம் போதுமே!

துறை தன் கடமையைச் செய்யட்டும். நம் பங்கு ஒன்று உண்டு. ராமேசுவரம் போகும்போது ஒரு மணி நேரம் ராமநாதபுரத்தில் இறங்குங்கள். குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். 'கண்ணால் பார், கையால் தொடாதே' என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். ஆள் வந்து பார்க்கிற வீடுதான் பாழாகாமல் இருக்கும். அரண்மனையும் அப்படித்தான்.