ரூட் கேனல் சிகிச்சையில் பல்லைக் கழுவும் திரவம் ஏன் முக்கியம்? வாணியம்பாடி 8 மரணங்கள் சொல்லும் பாடம்

பல் வலி தாங்காமல் உடையார்பாளையத்தில் இருந்து ஜெயங்கொண்டம், அரியலூர் என கிளினிக் தேடிப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது ரெண்டே கேள்விதான்: எவ்வளவு செலவாகும்? வலிக்குமா? மூன்றாவதாக ஒரு கேள்வியும் கேட்க வேண்டும் என்கிறது வாணியம்பாடி சம்பவம்.

என்ன நடந்தது?

திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் 2023-ல் ஒரே பல் கிளினிக்குக்குப் போய்வந்தவர்களில் 8 பேர் உயிரிழந்தனர். காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல் எனத் தொடங்கிய பாதிப்பு மூளைவரை பரவியது. காரணம், மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற நோய்.

வேலூர் சிஎம்சி, ஐசிஎம்ஆர் மற்றும் தமிழக பொது சுகாதாரத் துறை நிபுணர்களின் ஆய்வு 2025-ல் வெளியானது. வாயைக் கழுவப் பயன்படுத்திய சலைன் பாட்டிலை, அறுவை சிகிச்சைக் கருவியாலேயே திறந்து, சரியாக மூடாமல் அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியது அதில் தெரியவந்தது. பயன்பாட்டில் இருந்த சலைனிலேயே அந்தக் கிருமி இருந்தது.

ரூட் கேனலில் கழுவுவது எதற்கு?

பல் வேரின் உள்ளே இருக்கும் குழாய் நேராக இருக்காது. வளைந்து, கிளை பிரிந்து போகும். ஃபைல் எனப்படும் மெல்லிய கருவியால் அதன் சுவர் முழுவதையும் தொட முடியாது. மீதியைச் சுத்தம் செய்வது திரவம்தான்.

சோடியம் ஹைப்போகுளோரைட் கிருமியைக் கொல்லும், அழுகிய திசுவையும் கரைக்கும். சுவரில் படியும் துகள் படலத்தை நீக்குவது இடிடிஏ. சலைன் வெறும் உப்புநீர். அது கழுவும், ஆனால் கிருமியைக் கொல்லாது. அதனால்தான் திறந்து வைத்த சலைன் பாட்டில் ஆபத்து.

இங்கு மட்டும்தானா?

இல்லை. 2016-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், பல் நரம்பு சிகிச்சை எடுத்த 70-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தொற்று ஏற்பட்டது. அங்கே காரணம், கிளினிக் தண்ணீர்க் குழாயில் வளர்ந்த வேறொரு பாக்டீரியா. அதன்பிறகு, பல்லின் நரம்புப் பகுதி திறக்கப்படும் சிகிச்சைகளில் கிருமி நீக்கிய அல்லது கிருமிநாசினி குணமுள்ள திரவம்தான் பயன்படுத்த வேண்டும் என்று அந்த மாகாணம் சட்டம் கொண்டுவந்தது.

நோயாளிகள் என்ன கேட்கலாம்?

* சலைன் பாட்டில் எனக்காகப் புதிதாகத் திறந்ததா?
* ஊசியும் சிரிஞ்சும் புதுசா?
* ரப்பர் டேம் போடுவீங்களா? (எச்சில் பல்லுக்குள் போகாமலும், ஹைப்போகுளோரைட் வாய்க்குள் சிந்தாமலும் தடுக்கும் ரப்பர் விரிப்பு இது.)

சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சல், முக வீக்கம், பேச்சுக் குழறல் வந்தால் வீட்டில் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல் சிகிச்சை எடுத்ததையும் அங்கே மறக்காமல் சொல்ல வேண்டும்.

இதற்காக ரூட் கேனலைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. சீழ் பிடித்த பல்லை அப்படியே விடுவதும் ஆபத்துதான். புதிய சலைன் பாட்டிலுக்கு ஆகும் செலவு சொற்பம். அதை மிச்சம் பிடிக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு வாணியம்பாடியே சாட்சி.