திடல் பயிற்சியும் வெயிலும்

விளையாட்டுப் போட்டி நெருங்கினால் தமிழ்ப்பள்ளித் திடல்களில் பயிற்சி மும்முரமாகிவிடும். வெயிலைப் பற்றிக் கேட்டால், "33 பாகைதானே, எச்சரிக்கை எதுவும் வரவில்லையே" என்பதே நம்மில் பலரின் மறுமொழி. அம்மறுமொழி போதாது என்பது என் கருத்து.

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் முதல்நிலை வெப்ப எச்சரிக்கை, அன்றாட உச்ச வெப்பநிலை 35 முதல் 37 பாகை செல்சியசாகக் குறைந்தது மூன்று நாள் தொடர்ந்தால்தான் வரும். ஆனால், வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில் அது எளிதில் ஆவியாவதில்லை. அதனால் 33 பாகையிலும் ஆபத்துண்டு. சிங்கப்பூர் 2023-இல் அறிமுகப்படுத்திய வெப்ப அழுத்த அறிவுரை, வெப்பநிலையோடு ஈரப்பதம், காற்று, வெயில் ஆகியவற்றையும் சேர்த்தே கணிக்கிறது. நாமும் அவ்வாறே சிந்திக்க வேண்டும்.

ஆசிரியர்களே, திடல் பயிற்சியைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். உடல் வெப்பத்திற்குப் பழக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். எனவே பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மாணவர் கேட்கும்வரை காத்திராமல் இடையிடையே நீர் அருந்தச் செய்யுங்கள்.

பெற்றோர்களே, காய்ச்சலிலிருந்து அண்மையில் தேறிய பிள்ளையை ஓட அனுப்பாதீர்கள், ஆசிரியரிடம் தெரிவியுங்கள்.

தலைசுற்றலோ குமட்டலோ கண்டால் பிள்ளையை உடனே நிழலில் அமர்த்துங்கள். பேச்சு தடுமாறினாலோ நினைவு தப்பினாலோ 999-ஐ அழையுங்கள். உதவி வரும்வரை உடலை நீரால் நனைத்து விசிறுங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் நீர் ஊற்றாதீர்கள்.

எச்சரிக்கை வரட்டும் என்று காத்திருப்பது பொறுப்பாகாது. திடலில் நிற்கும் ஆசிரியரே முதலில் முடிவெடுக்க வேண்டும்.